கொடியும் பெயரும் மாறலாமா? விவாத அணிக்கு ஒரு தயாரிப்புக் குறிப்பு

தமிழ்த் தினப் போட்டியோ வாசிகசாலை ஆண்டு விழாவோ, ‘ஒரு நாடு தன் தேசியக் கொடியையும் பெயரையும் மாற்ற வேண்டும்’ என்ற தலைப்பு ஏதாவது ஒரு சீட்டில் வந்தே தீரும். சீட்டைப் பிரித்ததும் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிடும். கொடி என்றால் உணர்ச்சி, உணர்ச்சி என்றால் கைதட்டல் என்பது அவர்களது கணக்கு. நான் குடியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் விவாத அணிகளைப் பழக்குகிறேன். இந்தத் தலைப்பில் கைதட்டலை நம்பிப் போன அணிகள் பெரும்பாலும் மூன்றாவது பேச்சாளரோடு காற்றுப் போய் நிற்கும். அந்த நிலை வராமல் தயாராவது எப்படி என்று கீழே எழுதுகிறேன். ஒட்டிப் பேசினாலும் வெட்டிப் பேசினாலும் வழி ஒன்றுதான்.

முதலில் தலைப்பைப் பிரியுங்கள்

‘கொடியையும் பெயரையும்’ என்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். கனடா 1965 இல் கொடியை மட்டும் மாற்றியது. சுவாசிலாந்து 2018 இல் பெயரை மட்டும் மாற்றி எசுவாத்தினி ஆனது. அப்பர் வோல்ட்டா 1984 ஓகஸ்டில் தோமஸ் சங்காராவின் ஆட்சியில் பெயர், கொடி, தேசிய கீதம் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றி புர்க்கினா பாசோ ஆனது. ஒட்டிய அணி இரண்டையும் தாங்க வேண்டும். வெட்டிய அணிக்கு ஒன்றைச் சாய்த்தாலே போதும். ஆகவே ஒட்டிய அணியின் முதற் பேச்சாளர் எழுந்த உடனே எந்த நிலையில் உள்ள நாட்டைப் பற்றித் தம் அணி பேசுகிறது என்று வரையறுத்துவிட வேண்டும். ‘எல்லா நாடும் மாற்ற வேண்டும்’ என்று தொடங்கினால் ஜப்பானுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டி வரும்.

நாட்டுக்கு ஓர் அட்டை

பழைய அப்பியாசக் கொப்பியின் தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு நாட்டுக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு வரிகள்தான்: மாற்றத்தைக் கேட்டது யார், முடிவெடுத்தது யார், கொடி மாறுவதற்கு முன்பே நாட்டில் மாறியிருந்தது என்ன, மாற்றம் நிலைத்ததா. மூன்றாவது வரிதான் முக்கியம். பிள்ளைகள் அதைத்தான் வெறுமையாக விட்டுவிட்டு வருவார்கள்.

தென்னாபிரிக்காவை முதலில் எழுதுங்கள். 1993 இல் பொதுமக்கள் அனுப்பிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகளில் ஒன்றும் தேறவில்லை. தேர்தல் நெருங்கிய வேளையில் பிரெடரிக் பிரவுனெல் வரைந்த கொடியை 1994 மார்ச் நடுப்பகுதியில் ஏற்றுக்கொண்டார்கள். ஏப்ரல் 27 அன்று அது கம்பத்தில் ஏறியது. இடைக்காலக் கொடி என்றே அறிவித்தார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை, அவகாசமும் இருக்கவில்லை. ஆயினும் மக்கள் அதைத் தூக்கிக்கொண்டார்கள், 1996 அரசியலமைப்பு அதை நிரந்தரமாக்கியது. மூன்றாவது வரியில் எழுத வேண்டியது: நிறவெறி ஆட்சி முடிந்து எல்லாருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது.

அடுத்த அட்டை மலாவி. உதய சூரியன் இருந்த கொடியை 2010 இல் ஜனாதிபதி பிங்கு வா முத்தாரிகாவின் அரசு முழுச் சூரியனாக மாற்றியது. நாடு முன்னேறிவிட்டது, இனி விடியலைக் காட்டத் தேவையில்லை என்பது விளக்கம். 2012 இல் அவர் காலமானார். சில வாரங்களிலேயே பழைய கொடி திரும்பிவிட்டது. மூன்றாவது வரியில் எழுத ஒன்றும் கிடைக்காது. மொபுட்டு 1971 இல் கொங்கோவுக்கு வைத்த சயர் என்ற பெயரும் 1997 இல் அவர் ஆட்சியோடு போயிற்று.

நியூசிலாந்து எல்லா அணிக்கும் தெரிந்த உதாரணம். ஆனால் பாதியைத்தான் சொல்வார்கள். 10,292 வரைவுகள் வந்தன. அரசு நியமித்த கொடிப் பரிசீலனைக் குழு நான்கைத் தெரிந்தது, பொதுமக்களின் வற்புறுத்தலால் ஐந்தாவது சேர்ந்தது. 2015 இறுதியில் முதல் வாக்கெடுப்பில் அந்த ஐந்தில் ஒன்று தேறியது. 2016 மார்ச்சில் பழைய கொடியா புதியதா என்ற இரண்டாம் வாக்கெடுப்பில் 56.6 வீதத்தினர் பழையதையே வைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 26 மில்லியன் நியூசிலாந்து டொலர் செலவு. வெட்டிய அணி இந்தத் தொகையோடு நிறுத்திவிடும். ஒட்டிய அணி சொல்ல வேண்டியது வேறு: பிரதமர் ஜோன் கீ கேட்டார், மக்கள் கேட்கவில்லை. 43.2 வீதத்தினர் மாற்றத்துக்கு வாக்களித்ததையும் விட்டுவிடாதீர்கள்.

மசிடோனியாவுக்குக் கொஞ்சம் பெரிய தாள் எடுங்கள். கிரேக்கத்தின் பொருளாதாரத் தடைக்குப் பின் 1995 இல் கொடியை மாற்றியது. 2018 ஜூனில் பெயர்ப் பிணக்கைத் தீர்க்கக் கிரேக்கத்தோடு பிரெஸ்பா உடன்படிக்கை. அதே ஆண்டு செப்டெம்பர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் ‘ஆம்’ என்றார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 37 வீதம்தான். பிறகு நாடாளுமன்றமே மூன்றில் இரண்டால் நிறைவேற்ற, 2019 பெப்ரவரியில் அது வட மசிடோனியா ஆனது. அயலவர் ஒருவரின் நெருக்குதலுக்காக ஒரு நாடு தன் பெயரை மாற்றலாமா? நேட்டோவில் இடம் கிடைப்பதற்காக என்றால் மாற்றலாமா? இந்த ஒரே அட்டையை இரண்டு அணியும் பயன்படுத்தலாம். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுக்குப் புள்ளி.

அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால் என் கருத்து உங்களுக்கும் விளங்கும். நாடு முதலில் மாறி, கொடி பின்னால் வந்த இடங்களில் கொடி நின்றது. கொடியை முன்னே அனுப்பி நாட்டைப் பின்னால் வரச் சொன்ன இடங்களில் பெரும்பாலும் நிற்கவில்லை. இதற்குக் கனடா ஓர் இடைஞ்சல் என்பதையும் அறிவேன். அங்கே புரட்சியும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. மாதக்கணக்கில் சண்டை போட்டு 1964 டிசம்பரில் மக்கள் சபையில் 163 க்கு 78 என்று முடித்தார்கள். இன்று மேப்பிள் இலை இல்லாத கனடாவை எண்ணிப் பார்க்க முடியுமா? யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் சுவரில் அந்த இலை ஏதாவது ஒரு நாட்காட்டியில் தொங்குகிறது. எதிரணி கனடாவை எடுத்தால், கியூபெக்கில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பிரெஞ்சு பேசுவோர் தம் இடத்தைக் கேட்கத் தொடங்கிய காலம் அது. மூன்றாவது வரி அங்கேயும் வெறுமையாக இல்லை.

சொந்த நாட்டைப் பேசுவது

இங்கேதான் சபை நிமிர்ந்து உட்காரும். நம் ஊரில் கொடி என்றால் பெரியவர்களின் மனதில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் எழும்பும். சுதந்திர நாளான பெப்ரவரி 4 ஐக் கொண்டாடுவோரும், கரிநாளாகக் கருதுவோரும் ஒரே வரிசைக் கதிரைகளில் இருப்பார்கள். இலங்கையைத் தொடவே வேண்டாம் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடாமல் போனால் நடுவர் கட்டாயம் கேட்பார். குரலை உயர்த்தாமல், ஆண்டுகளோடு சொல்லுங்கள். ஆண்டுகளைச் சொல்பவரை யாரும் இடைமறிப்பதில்லை.

சொல்ல வேண்டியவை இவை. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பிரேரித்தவர் மட்டக்களப்புப் பிரதிநிதி முதலியார் ஏ. சின்னலெப்பை. அந்த மன்னனோ மதுரை நாயக்க வம்சத் தொடர்புடைய கண்ணுசாமி. இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்துச் சொன்னால் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழும். அது அடங்கும் வரை காத்திருங்கள். பின்னர் டி. எஸ். சேனநாயக்க நியமித்த குழு தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரண்டு பட்டிகளைச் சேர்க்கச் சொன்னது. ஜி. ஜி. பொன்னம்பலமும் அக்குழுவில் இருந்தார். செனட்டர் எஸ். நடேசன் மட்டும் உடன்படாமல் தனிக் கருத்தை எழுதினார். 1951 மார்ச்சில் கொடி ஏற்கப்பட்டது. 1972 இல் குடியரசானபோது நான்கு மூலைகளிலும் அரசிலைகள் வந்தன.

வெட்டிய அணிக்கு இதில் ஒரு கூர்மையான வாதம் இருக்கிறது: 1951 இல் பட்டி வந்தது, 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, ஆறு ஆண்டுகூடத் துணி எதையும் காக்கவில்லை, பிறகு ஏன் இன்னொரு துணி? ஒட்டிய அணி இதற்குத் தடுமாறக் கூடாது. பட்டி சேர்த்தவர்கள் பங்கைச் சேர்க்கவில்லை, இரண்டையும் ஒன்றாகச் செய்வதே எங்கள் கோரிக்கை என்று நில்லுங்கள். என்னைக் கேட்டால் வெட்டிய அணியின் வாதமே பலமானது. ஆனாலும் அதற்கு எதிராக நன்றாகப் பேசிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெயர் விடயத்தில் நமக்கு ஒரு விசித்திரம் கிடைத்திருக்கிறது. 1972 மே 22 அன்று ஆங்கிலத்தில் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. தமிழில் முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. யாழ் நகரில் இலங்கை வங்கியின் பெயர்ப்பலகையை மூன்று மொழியிலும் வாசிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புவேன். ஆங்கிலத்தில் இன்றும் சிலோன்தான். பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அப்படியே. அரச நிறுவனங்களிலிருந்து அந்தப் பெயரை நீக்கப் போவதாக 2011 இல் அரசாங்கம் அறிவித்த பின்பும் இவை நிற்கின்றன. தேயிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், உலகச் சந்தையில் அந்தப் பெயருக்கு விலை இருக்கிறது. கடவுச்சீட்டு, நாணயத்தாள், முத்திரை என்று செலவுப் பட்டியல் வாசிக்கும் அணிக்கு, ஐம்பது ஆண்டு கழிந்தும் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தெருவில் வியாபாரம் செய்கின்றன என்பதே போதுமான பதில்.

சட்டத்தை மனப்பாடம் செய்யுங்கள். நூலகத்தில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, 1, 6, 83 ஆகிய உறுப்புரைகளை உங்கள் கையால் எழுதி எடுங்கள். முதலாவது பெயர், ஆறாவது கொடி. இவற்றைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும், அதாவது 225 பேரில் 150 பேரும், அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது 83. 1972 இல் பெயர் மாறியபோது வாக்கெடுப்பு எதுவும் இல்லை. அரசியல் நிர்ணய சபையிலிருந்து தமிழரசுக் கட்சி அதற்கு முந்திய ஆண்டே வெளியேறிவிட்டது. மாற்றும்போது எளிதாக மாற்றிவிட்டு, பிறகு கதவைப் பூட்டிக்கொள்வது பல நாடுகளின் வழக்கம். இதை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுங்கள். நீட்டினால் மேடைப் பிரசாரம் ஆகிவிடும்.

மேடையில்

குரல், கை அசைவு பற்றியெல்லாம் உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். நான் சேர்ப்பது ஒன்றுதான்: ஒட்டிய அணியிடம் ‘அப்படியானால் உங்கள் கொடி எப்படி இருக்கும்?’ என்ற கேள்வி நிச்சயமாக வரும். பையிலிருந்து வர்ணப் படம் எடுக்கத் துடிக்கும் தம்பி ஒருவன் எல்லா அணியிலும் இருப்பான். படத்தை முதல் நாளே அவனிடமிருந்து வாங்கி வையுங்கள். வரைவு மேசைக்கு வந்த கணத்தில் விவாதம் நிறத்தைப் பற்றியதாகிவிடும், நியூசிலாந்தில் நடந்ததும் அதுதான். பதிலாக நடைமுறையைச் சொல்லுங்கள்: யார் யார் குழுவில் இருப்பார்கள், உடன்படாதவரின் கருத்து எங்கே பதியப்படும், எத்தனை ஆண்டு இடைக்காலமாக வைத்துப் பார்ப்பது. நடேசன் தனியாக எழுதிய கருத்தை இந்த இடத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால், தொகுப்புரைக்கு எழும்புபவருக்கு வேறு ஆயுதம் வேண்டாம். இரண்டாவது மணி அடித்ததும் வசனம் பாதியில் நின்றாலும் உட்கார்ந்துவிடுங்கள். மணிக்குப் பின் பேசியதற்கு நடுவர்கள் புள்ளி குறைப்பார்கள்.