பழைய காரின் பின் சக்கர பிரேக் டிஸ்க்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக். வலது பின் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்தபோது ஒரு பட்டறையில் காட்டினேன். "டிஸ்க் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினோம். நான்கே மாதத்தில் அதே சக்கரத்தில் அதே சத்தம். இந்த முறை நானே சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் வெளிப்பக்க பேட் ஏறக்குறைய புதிதாகவே இருந்தது. உள்பக்க பேடில் தேய்ந்துபோக இனி எதுவும் மிச்சமில்லை. அதன் முதுகில் இருக்கும் இரும்புத் தகடு புது டிஸ்கை வரிவரியாக உழுது வைத்திருந்தது. பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கென்று இருக்கும் இரண்டு ஸ்லைடு பின்களில் கீழே உள்ளது துளைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. முதல் டிஸ்கைக் கெடுத்தது அதுதான். அதைத் தொடாமல் டிஸ்கை மட்டும் மாற்றியதால் இரண்டாவது டிஸ்கும் வீணாகிவிட்டது.

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதனால் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கே போகிறது. பின் சக்கர டிஸ்குக்கு வேலை குறைவு; எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது மெதுவாகத்தான் தேயும். பழைய காரில் அது சீக்கிரம் கெட்டிருந்தால், பெரும்பாலும் வேறொன்று அதைக் கெடுத்திருக்கிறது: இறுகிய ஸ்லைடு பின், காலிப்பரில் திரும்பி வராத ஹேண்ட்பிரேக் லிவர், மழையில் வாரக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற நாட்கள். சென்னையில் திருவான்மியூர், பாலவாக்கம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் வெளியே நிற்கும் கார்களில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் வரும்.

ஆகவே புது டிஸ்கின் விலையைக் கேட்பதற்கு முன் பழையதை நன்றாகப் பாருங்கள்.

பார்ப்பதும் அளப்பதும்

மழைக்கு மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்க செம்பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வார்ப்பிரும்பு அப்படித்தான், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கவலைப்பட வேண்டியது போகாத துருவைப் பற்றி. பேட் தேய்க்கும் பளபளப்பான பட்டை, பேடின் அகலத்தைவிடக் குறுகலாக இருக்கிறதா? விளிம்பிலோ உள்வட்டத்திலோ குழிகுழியாகத் துரு ஏறியிருக்கிறதா? அப்படியென்றால் பேட் முழுசாக அழுத்தவில்லை என்று அர்த்தம். பலர் சக்கரத்தின் இடைவெளி வழியே தெரியும் வெளிமுகத்தை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். சேதம் அதிகம் நடப்பது உள்முகத்தில். செல்போன் கேமராவைப் பின்பக்கமாக நுழைத்து ஒரு படம் எடுத்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து தடிமன். ஒவ்வொரு டிஸ்கிலும் அது எவ்வளவு தேயலாம் என்ற கடைசி அளவு அச்சிட்டோ வார்த்தோ இருக்கும். துருவைக் கொஞ்சம் தேய்த்தால் படிக்கலாம். என் காரில் புது டிஸ்க் 9 மி.மீ., கடைசி அளவு 8 மி.மீ. இரு பக்கமும் சேர்த்தே ஒரு மில்லிமீட்டர்தான் தேய இடம் இருக்கிறது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது.

அளக்கும்போது வெர்னியர் அளவுகோலை நேராக விளிம்பில் மாட்டுவது பெரிய தவறு. பேட் படாத விளிம்பு தேயாமல் வரப்புபோல் உயர்ந்து நிற்கும்; வெர்னியர் அந்த வரப்பைத்தான் அளக்கும். மைக்ரோமீட்டர் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, டிஸ்கின் இரு பக்கமும் தேய்ந்த இடத்தில் ஒட்டினாற்போல் வைத்து, மொத்தத்தையும் அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளப்பது நல்லது. ஓரிடத்தில் 8.6, இன்னோரிடத்தில் 8.5 என்று வந்தால் அந்தச் சின்ன வித்தியாசமே பெடலில் அதிர்வாகத் தெரியும்.

"லேத்ல கடைஞ்சு போட்டுக்கலாம்" என்பார்கள். முன் சக்கரத்தின் தடித்த டிஸ்குக்கு அது சரிப்படலாம். 9 மி.மீ. டிஸ்கில் துருக்குழி போகும்வரை கடைந்தால் பெரும்பாலும் கடைசி அளவைத் தாண்டிவிடும். மெல்லிய டிஸ்க் சூட்டைத் தாங்காது. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கார் பெயரைச் சொல்லி வாங்குவது

சென்னையில் கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டில் போய் "ஆக்டேவியா பின் டிஸ்க் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் என்ன கொடுப்பார்? முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவில் 232 மி.மீ. விட்டமும் 9 மி.மீ. தடிமனும் உள்ள கட்டி டிஸ்க் உண்டு. வேகமான வகையில் 256 மி.மீ., 22 மி.மீ. தடிமனில் நடுவே காற்றோட்டம் உள்ள டிஸ்க் உண்டு. சிறிய இன்ஜின் வகைகள் சிலவற்றில் பின்னால் டிஸ்கே இல்லை, டிரம் பிரேக்தான். பெயர் ஒன்று, பாகம் வேறு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொண்டு பாக எண்ணை எடுங்கள். முடிந்தால் பழைய டிஸ்கையும் கையில் கொண்டு போங்கள்.

பழைய காரில் இன்னொரு சிக்கல், உங்களுக்கு முன் அதை வைத்திருந்தவர் எதை மாற்றினார் என்பது தெரியாது. ஆகவே விட்டம், தடிமன், நடுத்துளை, போல்ட் துளைகள், தொப்பி போன்ற நடுப்பகுதியின் உயரம் ஆகிய ஐந்தையும் ஒப்பிட வேண்டும். பலரும் விட்டுவிடுவது கடைசியாகச் சொன்ன உயரத்தை. அது இரண்டு மில்லிமீட்டர் மாறினாலும் டிஸ்க் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், அழகாக உட்காரும், ஆனால் காலிப்பருக்கு நடுவில் நிற்காது. ஒரு பக்க பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

ரெனோ மெகான் போன்ற சில பிரெஞ்சு கார்களில் பின் டிஸ்கோடு சக்கர பேரிங்கும் ஏபிஎஸ் வளையமும் சேர்ந்தே வரும். அந்த வளையம் இல்லாத மலிவு டிஸ்கை வாங்கி மாட்டினால் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கிவிடும். வேறு சில கார்களில் டிஸ்கின் தொப்பிக்குள்ளேயே ஹேண்ட்பிரேக்குக்கான சின்ன டிரம் இருக்கும். அங்கே உள்விட்டமும் பொருந்த வேண்டும்.

துளை போட்ட, கோடு வெட்டிய டிஸ்க் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: தினசரி ஓட்டும் பழைய காரின் பின் சக்கரத்துக்கு அது தேவையே இல்லை. நல்ல கம்பெனியின் சாதாரண டிஸ்க் போதும், அதில் துருத்தடுப்புப் பூச்சு இருந்தால் இன்னும் நல்லது. பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் தேடலாம், பயன்படுத்திய டிஸ்க் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் வேண்டாம். இரு பக்கமும் ஜோடியாக, புது பேடுகளோடு மாற்றுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை நம்பித் தூக்குவது

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். இந்த வேலைக்கு அதை விடுவித்தே ஆக வேண்டும். அப்படியென்றால் காரை நிறுத்தி வைத்திருப்பது எது? முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரில் போட்டு, சமதரையில் ஜாக்கியால் தூக்கி, உடனே ஸ்டாண்டில் இறக்குங்கள். காரோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சிவிக்கின் டிஸ்கை ஹப்போடு பிடித்திருப்பவை இரண்டு தட்டைத் தலை ஸ்க்ரூக்கள். பல வருடத் துருவில் அவை அசையாது. சாதாரண ஸ்க்ரூ டிரைவரைத் திருகினால் தலைதான் வழுக்கிப் போகும். சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரை நேராகப் பிடித்து இரண்டு அடி, அவ்வளவுதான். பிறகு டிஸ்க் வர மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள், அந்த அடி பேரிங்கையும் தாக்கும். டிஸ்கிலேயே மரை உள்ள இரண்டு துளைகள் இருக்கும். 8 மி.மீ. போல்ட் இரண்டை அவற்றில் மாட்டி, மாற்றி மாற்றிக் கால் சுற்று முறுக்கினால் டிஸ்க் டப்பென்று விட்டுவிடும். காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

பிஸ்டனை அமுக்கித் தள்ளுவது

தடித்த புது பேடுக்கு இடம் கிடைக்க, பேடைத் தள்ளும் பிஸ்டனைக் காலிப்பருக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். முன் காலிப்பரில் பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து அமுக்கினால் உள்ளே போய்விடும். அதே பழக்கத்தில் பின் காலிப்பரிலும் அமுக்குகிறார்கள். ஹேண்ட்பிரேக் லிவர் காலிப்பரிலேயே இருக்கும் கார்களில் பிஸ்டனுக்குள் மரை இருக்கிறது. அமுக்கினால் அந்த அமைப்பே உடையும். அழுத்தியபடி திருக வேண்டும், இதற்கென்றே சின்னக் கருவி கிடைக்கிறது. சிவிக்கில் வலஞ்சுழியாகத் திருக வேண்டும். சில கார்களில் ஒரு பக்கம் இடஞ்சுழி, எனவே உங்கள் கையேட்டைப் பாருங்கள். திருகி முடித்ததும் பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு, உள்பக்க பேடின் முதுகில் உள்ள முளைக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் பேட் சாய்வாக உட்கார்ந்து ஒரு ஓரமாகத் தேயும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை முறுக்கிக்கொண்டிருந்தால் நேராக்கிவிடுங்கள்.

2005க்குப் பிறகு வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் போன்றவற்றில் எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக். அங்கே ஸ்கேனர் வைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும்.

பிஸ்டன் உள்ளே போகும்போது பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் மேலேறும். நிரம்பி வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும், எனவே மூடியைத் திறந்து ஒரு கண் வைத்திருங்கள். ஆயில் கறுத்திருந்தால் இதோடு மாற்றிவிடலாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் அந்த அளவுகோல் 155 டிகிரிக்கு இறங்கிவிடும்.

ஹப்பைச் சுத்தம் செய்யாமல் மாட்டுவது

"டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று சொல்லப்படும் பல புகார்களின் வேர் இங்கே இருக்கிறது. பழைய டிஸ்க் உட்கார்ந்த ஹப் முகத்தில் துரு அடை அடையாக இருக்கும். அதில் மெல்லிய ஒரு செதில் டிஸ்கின் பின்னால் மாட்டிக்கொண்டாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். ஹப்பில் உள்ள சாய்வு டிஸ்கின் விளிம்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் பேட் அந்த மேட்டை மட்டும் உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். அப்போதுதான் பெடலும் சீட்டும் அதிரும். உடனே பழி டிஸ்க் கம்பெனி மேல் விழும்.

கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப் முகம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். வீல் நட் மாட்டும் ஸ்டட்களின் அடிப்பகுதியை விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் அதிகம். பழைய பேடின் தூசியைக் காற்றடித்து ஊதுவது கூடாது. அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

புது டிஸ்கில் எண்ணெய் பூசியிருக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவினால் அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தமான துணியால் துடையுங்கள், துணியில் கறுப்பு வராதவரை.

அப்புறம் ஸ்லைடு பின்கள். இரண்டையும் வெளியே இழுத்து, துளைக்குள் பிரஷ் விட்டுத் துருவை எடுத்து, சிலிகான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். பட்டறையில் எல்லாவற்றுக்கும் போடும் மஞ்சள் கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைக்கும். ஊறிப்போன ரப்பர் ஸ்லைடு பின்னை இறுக்கிப் பிடிக்கும். மாட்டியபின் காலிப்பர் விரலால் தள்ளினாலே நகர வேண்டும்.

கேபிளை இறுக்கி மறைப்பது

ஹேண்ட்பிரேக் மேலே வரை வருகிறது என்றால் கேபிளை இறுக்கிவிடுவது வழக்கம். முதலில் காலிப்பரில் உள்ள லிவர் கையால் தள்ளி விட்டதும் தானாக முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாத லிவரோடு கேபிளை இறுக்கினால் பேட் எப்போதும் டிஸ்கைப் பிடித்தபடியே இருக்கும். எல்லாம் மாட்டி, பெடலைப் பலமுறை மிதித்து பேட் டிஸ்கோடு ஒட்டிய பிறகே கேபிளைச் சரிசெய்ய வேண்டும்.

காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தே ஆக வேண்டும். மறந்தால் முதல் பிரேக்கில் கால் தரை தட்டும்.

வீல் நட்டை இம்பாக்ட் கன்னால் கண்டபடி முறுக்குவதும் டிஸ்கைக் கோணலாக்கும். சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர், அதாவது பட்டறைக் கணக்கில் 11 கிலோ (கிலோ-மீட்டர் விசை). டார்க் ரெஞ்சில் குறுக்கும் மறுக்குமாக முறுக்குங்கள். புது பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழக, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு மிதமாகக் குறைப்பதை எட்டு பத்து முறை, நடுவே ஆறவிட்டுச் செய்யுங்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முதல் 200 கி.மீ. வரை அவசரமில்லாமல் ஓட்டுங்கள்.

மறுநாள் பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பின் சக்கரங்களின் அருகேயும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு கையில் தெரியும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனலாக அடித்தால், டிஸ்க் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அன்றைக்கே அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றி ஸ்லைடு பின்னையும் ஹேண்ட்பிரேக் லிவரையும் பாருங்கள்.