பரத்-சுசீலா நாவலை முழுசாக ரசிக்க

எழுத்தாளர் பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் காதல் ஜோடி பரத்-சுசீலா வரும் கதைகளில் எதை முதலில் எடுத்தாலும் சரி, ஒவ்வொன்றும் தனி வழக்கு. கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டாதீர்கள்! பெரும்பாலும் சின்ன நாவல்தான், இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே மூச்சில் படித்துவிடலாம். கொலையாளி யார் என்கிற அவசரத்தில் அந்த இருவரின் சீண்டலையும், சுசீலாவின் டீ ஷர்ட் வாசகங்களையும் தாண்டி ஓடாதீர்கள், ஏனென்றால் நாம் அவர்களுடைய காதலில் மயங்கியிருக்கும் நேரம்தான் தடயத்தை ஒளித்து வைக்க எழுத்தாளருக்கு வசதியான நேரம். அத்தியாயம் முடிந்ததும் யார் மேல் சந்தேகம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். முடித்த கையோடு, குற்றவாளி முதலில் வரும் காட்சியை மறுபடி படியுங்கள், ஒவ்வொரு வசனமும் வேறு மாதிரி கேட்கும்.