காலையில் ஒரு சீட்டு: டாரட் படத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதும் முறை

இரண்டு ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு டாரட் சீட்டை (குறி சொல்லப் பயன்படுத்தும் படச்சீட்டு) எடுத்துப் பார்த்து, நாட்குறிப்பில் சில வரிகள் எழுதிவருகிறேன். வரப்போவதைச் சொல்லும் ஆற்றல் சீட்டுக்கு உண்டு என்று நான் நம்பவில்லை. வெறும் தாளை எடுத்து வைத்தால் ‘இன்று வேலை அதிகம்’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வராது. எதிரே ஒரு படம் இருந்தால் வருகிறது. முதல் ஆறு மாதம் தவறாகச் செய்து, அலுத்துப்போய் நிறுத்தியும்விட்டேன். மறுபடி தொடங்கியபோது ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். அது மூன்றாம் படியில் இருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

‘கிளி ஜோசியம் மாதிரியா?’ என்று அம்மா கேட்டார். அங்கே சீட்டைக் கிளி எடுக்கும், பலனை ஜோசியர் சொல்வார். இங்கே எடுப்பதும் நாம்தான், சொல்வதும் நாம்தான்.

முதல் படி: சீட்டுக்கட்டு

ரைடர்-வெயிட் கட்டையே வாங்குங்கள். 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துக் கொடுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். கட்டின் பெயரில் பதிப்பகமும் வெயிட்டும் இருக்கிறார்கள். வரைந்தவரின் பெயர் விடுபட்டுப்போனது. அவருடைய வளைந்த முத்திரை மட்டும் படங்களின் ஓரத்தில் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் ‘மரணம்’ போலத் தனிப் பெயர் கொண்டவை 22, இவற்றை மேஜர் அர்க்கானா என்பார்கள். மீதி 56உம் கோல், கோப்பை, வாள், நாணயம் என நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 14. நான் இந்தக் கட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் இந்த 56தான். பழைய மார்செய் வகைக் கட்டில் ‘கோப்பை ஐந்து’ என்றால் ஐந்து கோப்பைகளை அடுக்கி வரைந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஸ்மித் அதே சீட்டில் கறுப்பு அங்கி போர்த்திய ஒருவரை, ஆற்றை, பாலத்தை வரைந்தார். பார்க்க ஏதாவது இருந்தால்தான் எழுத ஏதாவது கிடைக்கும்.

கைபேசிச் செயலிகள் வேண்டாம். நான் பயன்படுத்திப் பார்த்தவை எல்லாம் படத்துக்குக் கீழேயே பலனையும் காட்டிவிட்டன. அது ஏன் கெடுதல் என்பது சற்று நேரத்தில் புரியும். கோடு போட்ட சாதாரண நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும்.

இரண்டாம் படி: கேள்வி

‘இன்றைய நேர்காணல் நல்லபடியாக முடியுமா?’ என்று கேட்காதீர்கள். ‘நேர்காணலில் எதை நினைத்துப் பயப்படுகிறேன்?’ என்று கேளுங்கள். கேள்வியை நோட்டில் எழுதிவிட்டுச் சீட்டைக் கலக்குங்கள். தலைகீழாக வந்தால் நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பலன் சொல்லும் வழக்கம் உண்டு. முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாம் படி: கையேட்டைத் திறக்காமல் மூன்று நிமிடம்

நான் சறுக்கிய இடம் இது. சீட்டோடு ஒரு சிறு கையேடு வரும். நான் சீட்டை எடுத்த கையோடு அதைப் புரட்டி, பலனை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். ஒருநாள் ‘நாணயம் நான்கு’ வந்தது. கஞ்சத்தனம், பற்று என்று எழுதிக்கொண்டேன். அன்று முழுவதும், யாருக்கோ பணம் கொடுக்காமல் விட்டேனா என்று யோசித்தே பொழுது போனது. ஒன்றும் கிடைக்கவில்லை.

பல மாதம் கழித்து அதே சீட்டு மறுபடி வந்தது. இந்த முறை கையேட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன்: ‘கிரீடம் வைத்த ஒருவர் கல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். தலைமேல் ஒரு நாணயம். மார்போடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பாதங்களுக்கு அடியிலும் ஒவ்வொன்று. பின்னால் ஊர் தெரிகிறது.’ பாதங்களைப் பற்றி எழுதும்போது கை நின்றுவிட்டது. இவர் எழுந்தால் காலடியில் இருப்பதை விட வேண்டும், தலையில் இருப்பது விழும். அதனால் எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வரியில், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் மாதக் கடைசிக் கணக்கை ஒப்படைக்காமல் நான் நாள் கடத்திக்கொண்டிருப்பதை எழுதியிருந்தேன். பணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வாரமே ஒப்படைத்தேன்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் படத்தில் இருப்பதைப் பெயர்ச்சொற்களாக எழுதுங்கள்: நாய், மலை, சிவப்பு அங்கி. பிறகு, கண் முதலில் எங்கே போனது, எதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். அதன் பிறகுதான் உங்கள் கேள்விக்கு வர வேண்டும். கையேட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரவில் பாருங்கள்.

நான்காம் படி: இரவில் இரண்டு வரி

காலையில் எழுதியதைப் படித்து, அன்று நடந்ததைக் கீழே எழுதுங்கள். சீட்டு ‘பலித்ததா’ என்று மதிப்பெண் போட வேண்டாம்.

பின்சேர்க்கை 1: மூன்று நாள் தொடர்ந்து ஒரே சீட்டு வருகிறது, ஏதாவது செய்தியா என்று இருவர் கேட்டிருந்தார்கள். எடுத்த சீட்டைக் கட்டின் மேலேயே வைத்துவிட்டு மறுநாள் இரண்டு தடவை மட்டும் கலக்கினால் அப்படித்தான் வரும். நடுவில் செருகிவிடுங்கள். இந்தச் சீட்டுகள் ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், சிறிய கைக்குள் அடங்காது. மேசையில் துணி விரித்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் துழாவிக் கலப்பது எளிது.

பின்சேர்க்கை 2: அப்பாவின் அறுவை சிகிச்சை நாளன்று காலையில் ‘மரணம்’ வந்துவிட்டது, நடுங்கிப்போனேன் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இதைப் பதிவிலேயே சொல்லாமல் விட்டது என் தவறு. 78இல் அது ஒரு சீட்டு. தினமும் எடுப்பவருக்கு ஆண்டில் சராசரியாக நான்கைந்து முறை வரும். அந்தக் காலையில் அவர் வீட்டில் நடக்கவிருந்தது சீட்டுக்குத் தெரியாது. டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத்தான் தொடங்கியது. குறி சொல்லும் வழக்கம் பரவலானது 18ஆம் நூற்றாண்டில். இருந்தாலும், பயந்த மனதிடம் கணக்குச் சொல்லி ஆகப்போவதில்லை. வீட்டில் யாருக்காவது உடல்நலம் சரியில்லாத நாட்களில் சீட்டு எடுக்காதீர்கள். 13ஆம் எண் சீட்டான ‘மரணம்’, வாள் மூன்று, வாள் பத்து ஆகிய பயமுறுத்தும் படங்களைக் கட்டிலிருந்து எடுத்து ஓர் உறையில் போட்டு வைத்தாலும் தவறில்லை. மீதி 75 சீட்டுகளிலேயே எழுத நிறைய இருக்கிறது. அவருடைய அப்பா வீடு திரும்பிவிட்டார். அந்தச் சீட்டு இன்னும் உறையில்தான் இருக்கிறதாம்.