லினக்ஸில் எளிய வீடியோ எடிட்டர்: வெட்டத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை

போன மாதம் பாண்டி கோயிலில் அக்கா மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடி என்னுடையது, அதனால் படம் எடுக்க என்னால் முடியவில்லை. சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர் ஆளுக்கொரு போனில் எடுத்தார்கள். சீர்த்தட்டு வரிசை, கொட்டுக்காரர்கள், மொட்டை, ஆசாரி கம்பியை எடுப்பது, பந்தி என்று மொத்தம் இரண்டேகால் மணி நேரம். அதை இருபது நிமிடமாக வெட்டித் தருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

வெட்டியும் கொடுத்தேன். பார்த்துவிட்டு அக்கா கேட்டது: "ஏன்டா தம்பி, பிள்ளை வாயை மூடுன பெறகுல்ல அழுகைச் சத்தம் வருது?"

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நான்கு ராத்திரி ஆனது. லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் "எந்த எடிட்டர் ஈஸி?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது அக்காவின் கேள்விக்காகத்தான்.

எடிட்டர்: ஷாட்கட்

என்னிடம் இருப்பது பழைய ஐ3 லேப்டாப், 8 ஜிபி ரேம், லினக்ஸ் மிண்ட். இதில் நான் பரிந்துரைப்பது ஷாட்கட். எச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ரேம் இருந்தால் நல்லது என்று அதை உருவாக்குகிறவர்களே சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். இலவசம், திறந்த மூலம், வீடியோவின் மேல் தன் பெயரைப் பொறிக்காது.

கேடென்லைவும் நல்ல மென்பொருள்தான். 2002-இல் தொடங்கிய திட்டம், நிறைய வசதி உண்டு. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டுக்கும் உள்ளே ஓடுவது எம்எல்டி என்ற ஒரே எஞ்சின். ஆனால் முதல் நாளிலேயே கேடென்லைவைத் திறந்தால் எந்தப் பலகை எதற்கு என்று தெரியாமல் திகைப்பீர்கள். ஷாட்கட்டில் பத்து வீடியோ முடித்துவிட்டு அதற்குப் போங்கள். ஓப்பன்ஷாட் பார்வைக்கு இன்னும் எளிது. ஆனால் அதன் டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) துண்டுகளை நகர்த்துவது எனக்குக் கைக்கு வரவில்லை. டாவின்சி ரிசால்வ் பெரிய ஸ்டூடியோக்காரர்களின் கருவி. திறந்த மூலம் கிடையாது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும், அதன் இலவச லினக்ஸ் பதிப்பில் போன் வீடியோவைத் திறப்பதே நெடுநாளாகத் தகராறு. காதுகுத்து வீடியோவுக்கு அது வேண்டாம்.

மிண்டில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஷாட்கட் என்று தேடி, ஃப்ளாட்பேக் (எல்லா லினக்ஸிலும் ஓடும் தொகுப்பு வடிவம்) பதிப்பை நிறுவுங்கள். கூடவே ஹேண்ட்பிரேக், மீடியாஇன்ஃபோ இரண்டையும் நிறுவிவிடுங்கள். இந்த இரண்டும் எதற்கு என்பதுதான் அடுத்த பகுதி.

நான் சறுக்கிய இடம்

முதல் தடவை போன் கிளிப்பை ஷாட்கட்டுக்குள் இழுத்துப் போட்டபோது ஒரு பெட்டி திறந்தது. இந்தக் கோப்பு வேரியபிள் ஃபிரேம் ரேட் கொண்டது, எடிட்டிங்குக்கு நம்பகமானதல்ல, மாற்றட்டுமா என்று கேட்டது. வீடியோதான் ஓடுகிறதே என்று கேன்சல் கொடுத்தேன். அடுத்த கிளிப்புக்கும் கேட்டதால், இனிமேல் காட்டாதே என்ற கட்டத்தையும் டிக் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அந்தப் பெட்டி சொன்னது என்ன என்று பொறுமையாகச் சொல்கிறேன். நொடிக்கு 30 படம் என்று போனில் போட்டிருந்தாலும் போன் சரியாக 30 எடுப்பதில்லை. வெயிலில் நிற்கும்போது 30 எடுக்கும். பந்தலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைத்துவிடும். இடைவெளி சீராக இருக்காது. நொடிக்கு எத்தனை படம் என்பதுதான் ஃபிரேம் ரேட், அது இப்படி மாறிக்கொண்டே இருந்தால் வேரியபிள். சத்தமோ எப்போதும் ஒரே சீராகப் பதிவாகும். எடிட்டர் படங்களைச் சம இடைவெளியில் அடுக்கப் பார்க்கும்போது படத்தின் கணக்கு ஒரு பக்கமும் சத்தத்தின் கணக்கு இன்னொரு பக்கமுமாகப் போய்விடுகிறது.

கிளிப்பின் தொடக்கத்தில் இது தெரியவே தெரியாது. என்னை ஏமாற்றியது அதுதான். 14 நிமிடக் கிளிப்பின் முதல் நிமிடத்தில் தப்புக்காரர் குச்சி தோலில் விழும் நொடியிலேயே அடி கேட்டது. கடைசி நிமிடத்தில் குச்சி விழுந்து, எழுந்து, மறுபடி இறங்கப் போகும்போதுதான் முந்தைய அடியின் சத்தம் வந்தது. பிள்ளை அழும் காட்சி அந்தக் கிளிப்பின் கடைசியில்தான் இருந்தது.

சத்தத்தைத் தனியே பிரித்துக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்த்தேன். கடைசி சரியானது, தொடக்கம் கெட்டது. நடுவில் வைத்தால் இரண்டும் கெட்டன. இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று. சத்தம் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் நகர்த்திச் சரிசெய்யலாம். போகப் போகக் கூடும் விலகலுக்கு நகர்த்துவதால் பயனில்லை. உங்கள் கிளிப்பில் தொடக்கம் சரியாகவும் முடிவு தவறாகவும் இருந்தால் சத்தத்தைத் தொடாதீர்கள். மூலக் கோப்பை மாற்றுங்கள்.

முதலில் சோதனை. கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். கான்ஸ்டன்ட் (மாறாதது) என்று இருந்தால் அப்படியே எடிட்டருக்குக் கொண்டுபோகலாம். வேரியபிள் என்றிருந்தால் மாற்றியாக வேண்டும். எங்கள் மூன்று போன்களின் கிளிப்புகளும் வேரியபிள்தான்.

மாற்ற இரண்டு வழி உண்டு. ஷாட்கட் கேட்கும்போதே சம்மதித்தால், எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவில் அதுவே மாற்றித் தரும். தரம் அருமை, ஆனால் கோப்பு வீங்கிவிடும். என் 1.8 ஜிபி கிளிப் 10 ஜிபியைத் தாண்டியது. இரண்டேகால் மணி நேரத்தையும் இப்படி மாற்ற என் ஹார்ட் டிஸ்கில் இடமில்லை.

அதனால் நான் ஹேண்ட்பிரேக் பக்கம் போனேன். கிளிப்பைத் திறந்து, ப்ரீசெட்டில் (தயாராக உள்ள அமைப்புகளின் பட்டியல்) ஃபாஸ்ட் 1080பி30 தேர்ந்தெடுங்கள். வீடியோ தாவலில் ஃபிரேம் ரேட் 30 என்று வையுங்கள். அதற்குக் கீழே தொடக்கத்தில் பீக் ஃபிரேம் ரேட் தேர்வாகி இருக்கும். அதைக் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்று மாற்றுங்கள். இதை மறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண், வெளியே வரும் கோப்பும் வேரியபிளாகவே இருக்கலாம். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 18-க்குக் கொண்டுவாருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். எல்லாக் கிளிப்பையும் க்யூவில் சேர்த்து ஸ்டார்ட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒவ்வொன்றின் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

அசல் கிளிப்புகளை வேலை முடியும்வரை அழிக்க வேண்டாம்.

இனி வெட்டலாம்

ஷாட்கட்டில் புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போது வீடியோ மோடை எச்டி 1080பி 30 எஃப்பிஎஸ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆட்டோமேட்டிக் என்று விட்டால் முதலில் போடும் கிளிப்பின் அளவை எடுத்துக்கொள்ளும். முதல் கிளிப் நிமிர்த்திப் பிடித்து எடுத்ததாக இருந்தால் மொத்த வீடியோவும் ஒல்லியாகிவிடும்.

கிளிப்புகளைப் ப்ளேலிஸ்டில் சேர்த்து, வேண்டியதை டைம்லைனுக்கு இழுங்கள். டைம்லைனில் நகரும் செங்குத்துக் கோட்டை வெட்ட வேண்டிய இடத்தில் நிறுத்தி எஸ் விசையை அழுத்தினால் கிளிப் இரண்டாகும். வேண்டாத துண்டைத் தேர்ந்து எக்ஸ் அழுத்தினால் அது போய், பின்னால் உள்ளவை முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இசட் அழுத்தினால் துண்டு போகும், இடம் காலியாக நிற்கும். என் வேலையில் பெரும்பகுதி எஸ், எக்ஸ் இரண்டிலேயே முடிந்தது. ஒரு காட்சி இன்னொன்றில் கரைய வேண்டுமானால் ஒரு துண்டின் ஓரத்தை அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏற்றினால் போதும். இதற்கு மேல் எஃபெக்ட் எதுவும் போடாதீர்கள் என்பது என் ஆசை. பூ உதிர்வதும் இதயம் பறப்பதும் பிள்ளையின் முகத்தை மறைக்கத்தான் செய்கின்றன.

திரை தட்டுத் தடுமாறி ஓடினால் செட்டிங்ஸில் ப்ராக்ஸியை இயக்குங்கள். சிறிய நகலை வைத்து எடிட் செய்யும், எக்ஸ்போர்ட் செய்யும்போது பெரிய கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

எக்ஸ்போர்ட்டில் யூடியூப் ப்ரீசெட்டை எடுங்கள். பழைய கணினியில் பாதியில் நின்றுபோனால் ஹார்ட்வேர் என்கோடர் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள், நேரம் ஆனாலும் முடியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.

சேர்க்கை 1: தமிழ்த் தலைப்பு

தலைப்பில் தமிழ் எழுதினால் ஆங்கில எழுத்தாக வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு பேருமே பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒட்டியிருந்தார்கள். நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் கடை, பத்திரிகை அச்சகம் என்று பல இடங்களில் பாமினிதான் ஓடுகிறது, அங்கிருந்து வாங்கிய வாசகம் யூனிகோடு கிடையாது, உள்ளே இருப்பது தமிழ் உருவம் மாட்டிய ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் புதிதாக அடித்து, ஃபில்டர்களில் டெக்ஸ்ட் சிம்பிளைச் சேர்த்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது மீரா இனிமை. இரண்டுமே இலவசம். புதிய எழுத்துருவை நிறுவியபின் ஷாட்கட்டை மூடித் திறந்தால்தான் பட்டியலில் வரும்.

சேர்க்கை 2: ஆப்இமேஜ் திறக்கவில்லை

ஃப்ளாட்பேக் வேண்டாம் என்று ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு) இறக்கிய ஒருவருக்கு இருமுறை சொடுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை. கோப்பின் ப்ராப்பர்டீஸில் பெர்மிஷன்ஸுக்குப் போய், நிரலாக இயங்க அனுமதி என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அவர் அதைச் செய்தும் திறக்கவில்லை. மிண்டுக்கு அடிப்படையான உபுண்டுவில் 22.04 பதிப்பு முதல், ஆப்இமேஜ் ஓடத் தேவையான லிப்ஃப்யூஸ்2 என்ற தொகுப்பு கூடவே வருவதில்லை. அதை நிறுவியதும் திறந்துவிட்டது.

சேர்க்கை 3

மாற்றிய வீடியோவை ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு டிவியில் போட்டேன். காது குத்தும் இடம் வந்ததும் அக்கா ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, "அழுகை சரியாத்தான்டா வருது, ஆனா இதைப் பார்க்க முடியலை" என்றது. அந்தப் பதினோரு நொடியை வெட்டிவிட்டு இன்னொரு பிரதி கொடுத்திருக்கிறேன்.