பழைய அச்சுப்படம் வாங்கப் போறீங்களா, நான் ஏமாந்த மாதிரி ஏமாறாதீங்க

சில வருஷம் முன்னாடி ஒரு பழைய சாமான் கடையில இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியல் வரைஞ்ச தஞ்சாவூர் பெரிய கோயில் படம்னு ஒண்ணு காட்டினாங்க, ஃப்ரேம் எல்லாம் கறுத்துப் போய், பேப்பர் மஞ்சளா, அங்கங்க கறையோட, பாத்த உடனே மனசு போயிடுச்சு. 6,500 ரூபா குடுத்து பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுல பையனோட லென்ஸ் ஒண்ண எடுத்து படத்துல வானம் இருக்கற இடத்துல வச்சுப் பாத்தா வரிசை வரிசையா புள்ளி, பழைய நியூஸ்பேப்பர் போட்டோல தெரியுமே, அதே புள்ளி. 1798ல வந்த படத்துல அந்தப் புள்ளி எப்படி வரும்? அந்த மாதிரி புள்ளி வச்சு அச்சடிக்கிற வேலையே 1880களுக்கு அப்புறம்தான் பரவுச்சு. புத்தகத்துல இருந்தோ காலண்டர்ல இருந்தோ கிழிச்சு டீத்தண்ணில ஊறப்போட்டு ஃப்ரேம் போட்டிருக்காங்க.

அதனால முதல் தப்பு, பேப்பரோட கலரப் பாத்து வயசு சொல்றது. பத்து ரூபா லென்ஸ் வச்சு அச்சு மை எப்படி விழுந்திருக்குன்னு பாருங்க. ஆனா உடனே அடுத்த தப்புல விழுந்துடாதீங்க, புள்ளி இருந்தாலே டூப்ளிகேட்னு. நம்ம தாத்தா பாட்டி வீட்டு ரவி வர்மா படம் எல்லாம் கல் அச்சு, ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்லு, அந்தக் கல்லு மேல ஆள் உக்காந்து கையாலயே புள்ளி வச்சிருப்பாரு. அந்தப் புள்ளி பெருசும் சிறுசுமா கலைஞ்சு கிடக்கும், மெஷின் புள்ளி மாதிரி கோடு பிடிச்சு நிக்காது. ரெண்டையும் ஒரு தடவ பக்கத்துல வச்சுப் பாத்துட்டா அப்புறம் மறக்கவே மறக்காது.

செப்புத்தகட்டுல அடிச்ச படம்னா ஓரத்தத் தடவிப் பாக்கணும். தகட்டுல கீறின கோட்டுக்குள்ள மட்டும் மை நிக்கிற மாதிரி தடவி, மேல துடைச்சு, ஈரப் பேப்பர மேல போட்டு ரோலர்ல நசுக்குவாங்க, தகட்டோட விளிம்பு பேப்பர்ல பள்ளமா விழுந்துடும். மரக்கட்டையில அடிச்ச படத்துல இத தேடாதீங்க, மை மேடான இடத்துல நிக்கிற வேலை அது, அவ்வளவு அழுத்தமே தேவையில்ல. செப்புத்தகட்டுப் படத்துலயும் ஓரத்த வெட்டி அட்டையில ஒட்டின பிரதிங்க உண்டு, பள்ளம் இல்லன்னு அவசரப்பட்டு தூக்கிப் போட்டுடாதீங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச தப்புக்கு வரேன். படத்துல எழுதியிருக்கறத அப்படியே நம்புறது.

ஜெர்மனில நியூரம்பர்க் ஊர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515ல மரக்கட்டையில ஒரு காண்டாமிருகம் அடிச்சாரு. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா போர்ச்சுகீசியருக்குக் குடுத்த மிருகம் அது, கோவால இருந்து கப்பல் ஏத்தி 1515 மே மாசம் லிஸ்பன்ல இறக்கினாங்க. போர்ச்சுகல் ராஜா மானுவல் அதுக்கும் ஒரு குட்டி யானைக்கும் சண்டை வச்சுப் பாத்தாரு, யானை கிட்டயே வராம ஓடிடுச்சாம். இத்தனைக்கும் டியூரர் அந்த மிருகத்தக் கண்ணாலயே பாக்கல! லிஸ்பன்ல இருந்து வந்த ஒரு கடிதமும் ஒரு கிறுக்கல் படமும்தான் கையில, அத வச்சு இரும்புக் கவசம் மாட்டின மாதிரி தோல், கழுத்து மேல இல்லாத ஒரு குட்டிக் கொம்பு, கால்ல செதில்னு கலக்கிட்டாரு. படத்து மேல எழுதின வாசகத்துல மிருகம் வந்த வருஷம் 1513ன்னு வேற தப்பா இருக்கு. ஆனாலும் இருநூறு வருஷத்துக்கு மேல ஐரோப்பாக்காரங்களுக்கு காண்டாமிருகம்னா இதுதான். அந்தப் பாவப்பட்ட ஜீவன் என்னாச்சுன்னு கேட்டா, ராஜா அத போப்புக்குப் பரிசா அனுப்ப, 1516ல இத்தாலிக் கரைக்குப் பக்கத்துல கப்பல் முங்கிடுச்சு, சங்கிலி போட்டிருந்ததால நீந்தக்கூட முடியல.

படத்துல 1515ன்னு இருக்கறதால அந்தப் பேப்பர் 1515ல அடிச்சதுன்னு நினைக்கிறதும் தப்பு. டியூரர் 1528ல செத்துப் போனாரு, கட்டை சாகல. கை மாறி கை மாறி திரும்பத் திரும்ப அடிச்சாங்க, பிந்தின பிரதிங்கள்ல கட்டை விரிசல் விட்டு மிருகத்தோட கால் குறுக்கால வெள்ளைக் கோடு ஓடும். 1620க்கு அப்புறம் ஆம்ஸ்டர்டாம்ல ஒருத்தர் இன்னொரு கட்டை சேத்து கலர்லயும் அடிச்சிருக்காரு. வாங்குறவங்க வருஷத்தவிட அந்த விரிசலத்தான் முதல்ல தேடுவாங்க.

நம்ம ஊர் ரவி வர்மா கதையும் இதேதான். பம்பாய்ல 1894ல பிரஸ் ஆரம்பிச்சாரு, கடன் தாங்காம கொஞ்ச வருஷத்துலயே அங்க வேலை பாத்த ஜெர்மன்காரர் ஷ்லைகர்கிட்ட வித்துட்டாரு, 1906ல காலமும் ஆகிட்டாரு. பிரஸ் அதே பேர்ல பல வருஷம் ஓடுச்சு, வேற ஓவியருங்க படத்தையும் அடிச்சுது, 1972ல தீப்பிடிச்சு ஏகப்பட்டது போச்சு. ஆக, கீழ "ரவி வர்மா பிரஸ்"னு இருந்தா அது பிரஸ் பேரு, அவ்வளவுதான். மேல வார்னிஷ் அடிச்சு கேன்வாஸ் மாதிரி சொரசொரப்பு ஏத்தியிருப்பாங்க, அதப் பாத்து ஆயில் பெயிண்டிங்னு விலை சொல்றவங்களும் இருக்காங்க, உஷார்.

அப்புறம் வீட்டுல இருக்கறவங்களுக்கு. லேமினேஷன் வேண்டாம், செலோ டேப் வேண்டாம், ஃப்ரேமுக்குள்ள நுழையலன்னு ஓரத்த வெட்ட வேண்டாம், பிரஸ் பேரும் வருஷமும் அங்கதான் இருக்கும். வெயில் படற சுவரும் வேண்டாம். எங்க சித்தி வீட்டு லட்சுமி படத்துல பாட்டி புடவைக்கு ஜரிகையும் ஜமிக்கியும் வச்சுத் தைச்சிருந்தாங்க, அந்தக் காலத்துல நிறைய வீட்டுல செஞ்சதுதான். படம் சுத்தமா தெரியட்டும்னு சித்தப்பா எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டாரு. இப்ப அந்த மாதிரி ஜமிக்கி வச்ச படத்துக்குன்னே ஆளுங்க தேடி அலையுறாங்க, இத நான் இன்னும் அவர்கிட்ட சொல்லல.