ஏற்காடு போகும் வழியில் ஒரு சங்கீதம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாலிபர் கூடுகை போகிறீர்களா? 20 கொண்டை ஊசி வளைவுகள், சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் முந்தின நாளே பைபிளின் 136-ஆம் சங்கீதத்தை போனில் பதிவு செய்துவிடுங்கள்.

26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். ஒருவர் முதல் பாதியை மட்டும் ராகத்தோடு பாடி, அந்த வரிக்கு இடைவெளி விடட்டும். வேனில் ஓடவிட்டால் மற்றவர்கள் அதைச் சேர்ந்து பாடி நிரப்புவார்கள். கைத்தாளம் போதும். வளைவில் தலைசுற்றுகிறவர்களும் புத்தகம் பார்க்காமலே பாடலாம், இது பெரிய வசதி.

படைப்பு, செங்கடல், வனாந்தரம் என்று பழைய சரித்திரமாகவே போய்க்கொண்டிருக்கும் சங்கீதம், 23-ஆம் வசனத்தில் சட்டென்று நம் தாழ்வைப் பற்றிப் பேசும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். மேலே போனதும் போதகர் அங்கிருந்தே பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கிளம்புமுன்பே எல்லோரையும் டவுன்லோடு செய்யச் சொல்லுங்கள்.