சி மொழியில் தமிழ் ஸ்டிரிங்: வேலூர் அடங்கும் பஃபரில் திருப்பத்தூர் அடங்காது

2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. வேலூர் மாவட்டத்துக்காகச் சி-யில் எழுதிய ஒரு லேபிள் அச்சிடும் புரோகிராமில் மாவட்டப் பெயருக்கு 32 பைட் பஃபர் (நினைவகத்தில் பிடித்துவைக்கும் இடம்) ஒதுக்கியிருந்தால், அதுவரை சிக்கலே வந்திருக்காது. ‘வேலூர்’ 18 பைட்தான். ஆனால் ‘ராணிப்பேட்டை’ 36, ‘திருப்பத்தூர்’ 39. ஏழே எழுத்துள்ள பெயர் 32-ஐ எப்படித் தாண்டும் என்று கேட்பவர்கள் முதல் தவறை ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.

எழுத்தை எண்ணி இடம் ஒதுக்குவது

யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், அன்றாடத் தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். உயிர்மெய் என்பது பெரும்பாலும் இரண்டு குறியீடு: ‘வே’ என்றால் வ ஒன்று, ஏகாரக் குறி ஒன்று, ஆக 6 பைட். ‘ர்’ என்பதில் புள்ளியும் தனிக் குறியீடு. நீளம் சொல்லும் ஸ்டர்லென் ஃபங்ஷன் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. அதுவும் ஸ்டிரிங் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் 0 மதிப்புள்ள ‘நல்’ கேரக்டரை விட்டுவிட்டு. ஆகவே மேலாக் என்னும் ஃபங்ஷனிடம் நினைவகம் கேட்கும்போது ஸ்டர்லென் தந்த எண்ணோடு 1 கூட்ட வேண்டும். திருப்பத்தூருக்கு 40. தமிழ்ப் பெயர் ஒன்றுக்கு, எழுத்துக்கு 6 பைட், மேலே 1 என்று போட்டால் பெரும்பாலும் போதும். க்ஷ, ஸ்ரீ மாதிரி எழுத்து வந்தால் அதுவும் போதாது.

அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்டெஃபில் 20 இட அகலம் கொடுத்து நெடுவரிசையை நேராக்கப் பார்ப்பதும் இதனால்தான் கோணலாகிறது. அந்த 20-உம் பைட்தான்.

ஸ்டர்காப்பியும், அதைவிட மோசமான ஸ்டர்என்காப்பியும்

ஒரு ஸ்டிரக்சரில் (பல புலங்களை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு) மாவட்டத்துக்கு 32 பைட், அதையடுத்து வட்டத்துக்கு 40 பைட் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தில் ‘வாணியம்பாடி’ ஏற்கெனவே இருக்கிறது. இப்போது மாவட்டத்தில் ‘திருப்பத்தூர்’ என்று ஸ்டர்காப்பி (அளவு பார்க்காமல் நகலெடுக்கும் ஃபங்ஷன்) செய்தால், மிஞ்சிய 8 பைட் அடுத்த வீட்டுக்குள் போகிறது. வட்டத்தை அச்சிட்டால் ஒரு கேள்விக்குறிக் கட்டமும் ‘ர்’-உம் வரும். வாணியம்பாடி காணாமல் போயிருக்கும். பிழை மாவட்டத்தில், அறிகுறி வட்டத்தில். இதைத் தேடி ஒரு நாள் போய்விடும். கம்பைலர் அமைப்பைப் பொறுத்து புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டால் அது நம் அதிர்ஷ்டம்.

‘பாதுகாப்பானது’ என்று பலர் பரிந்துரைக்கும் ஸ்டர்என்காப்பிக்கு 32 என்று கொடுத்தால் அது 32 பைட்டை மட்டும் நகலெடுத்து, முடிவில் நல் போடாமலே திரும்பிவிடும். மூலம் அளவுக்குச் சமமாகவோ நீளமாகவோ இருந்தால் அதன் வழக்கமே அதுதான். அச்சிடும்போது ‘திருப்பத்த’, உடைந்த இரண்டு பைட், அதோடு ஒட்டிக்கொண்டு ‘வாணியம்பாடி’ என்று ஒரே ஓட்டமாக வரும். நிலையான நீளப் புலங்களை நிரப்ப மட்டுமே அது ஏற்றது, ஸ்டிரிங்குக்கு வேண்டாம்.

பஃபர் அளவைக் கேட்டுவிட்டு எழுதும் எஸ்என்பிரிண்டெஃப் போதும். பஃபர் அளவு 32 என்றால் அதிகபட்சம் 31 பைட் எழுதி நல்-உம் போடும். முழுதாக எழுத எத்தனை பைட் தேவைப்பட்டிருக்கும் என்பதைத் திருப்பித் தரும்: இங்கே 39. அந்த எண் 32 அல்லது அதற்கு மேல் என்றால் வெட்டுப்பட்டது என்று பொருள். இந்தச் சோதனையைப் போடாமல் எஸ்என்பிரிண்டெஃப் எழுதுவதில் பாதிப் பயன்தான்.

வெட்டவே வேண்டுமென்றால்

அந்த 31 பைட்டில் கடைசிப் பைட், ஊகாரக் குறியின் முதல் துண்டு. அரை எழுத்து. சரியாக வெட்ட, விடப்போகும் முதல் பைட்டைப் பாருங்கள். அது 128 முதல் 191-க்குள் இருந்தால் ஒரு எழுத்தின் நடுவில் நிற்கிறீர்கள். அந்த வரம்பில் இல்லாத பைட் வரும்வரை பின்னால் போய் அங்கே வெட்டுங்கள். தமிழுக்கு இன்னொரு படியும் உண்டு. விடப்படும் குறியீடு புள்ளியாகவோ உயிர்க்குறியாகவோ இருந்தால் அதன் மெய்யையும் சேர்த்து விட வேண்டும். இல்லாவிட்டால் 16 பைட் பஃபரில் ‘வேலூர்’ பிழையே இல்லாத யூடிஎஃப்-8 ஆக, ‘வேலூர’ என்று நிற்கும்.

உள்ளீடு வாங்கும்போது

ஒரு வரியை வாங்கும் கெட்ஸ் 2011-இன் சி தரத்திலேயே நீக்கப்பட்டது. டர்போ சி என்னும் பழைய கம்பைலரில் பழகியவர்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனெஃப் இடைவெளியில் நின்றுவிடும்: ‘வட ஆற்காடு’ என்று தட்டினால் ‘வட’ மட்டும் கிடைக்கும்.

எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள், ஆனால் அது வரி முடிவுக் குறியையும் சேர்த்தே தரும். அதை எடுக்க ‘நீளம் கழித்தல் 1’-இல் கண்ணை மூடிக்கொண்டு 0 போடுவது பரவலான தவறு. கோப்பின் கடைசி வரியில் அந்தக் குறி இல்லாவிட்டால் கடைசி எழுத்தின் கடைசிப் பைட் போய்விடும். நீளம் 0 என்றால் அர்ரேக்கு வெளியே எழுதுவீர்கள். ஸ்டர்சிஸ்பேன் கொண்டு வரி முடிவுக் குறியின் இடத்தைக் கண்டு அங்கே 0 போட்டால் இரண்டு நிலையிலும் தொல்லையில்லை. விண்டோஸில் சேமித்த கோப்பென்றால் கேரேஜ் ரிட்டர்னையும் (வரி முடிவுக் குறிக்கு முன் அங்கே சேரும் இன்னொரு குறி) அதே தேடலில் சேர்த்துவிடுங்கள்.

மைனஸ் 32

இந்த 3 பைட் தமிழ்க் குறியீடு எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224. ஒரு பைட்டை வைக்கும் ‘கேர்’ என்னும் தரவு வகை, லேப்டாப்பின் எக்ஸ்86 கம்பைலரில் வழக்கமாகக் கூட்டல்-கழித்தல் குறியுள்ளது, அங்கே அது மைனஸ் 32. ஏஆர்எம் சிப் கொண்ட லினக்ஸ் போர்டில் 224-ஆகவே இருக்கும். போர்டில் ஓடிய புரோகிராம் லேப்டாப்பில் மக்கர் செய்தால் இதை முதலில் சந்தேகியுங்கள். எழுத்தா என்று சோதிக்கும் ஐஸ்ஆல்ஃபா போன்றவற்றுக்கு அனுப்பும் முன்பும், அர்ரே இன்டெக்ஸாகப் பயன்படுத்தும் முன்பும் குறியில்லாத ‘அன்சைன்டு கேர்’ வகையாக மாற்ற வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஃபங்ஷனுக்குள் வந்த அர்ரே பாயிண்டர்தான். சைஸ்ஆஃப் போட்டால் 64 பிட் கணினியில் 8 கிடைக்கும், ஆகவே அளவைத் தனி ஆர்குமென்டாக அனுப்புங்கள். மேற்கோளுக்குள் எழுதிய ஸ்டிரிங்கை மாற்றாதீர்கள். டர்போ சி-யில் நடந்தது லினக்ஸில் செக்மென்டேஷன் ஃபால்ட். பயனர் தந்த உரையைப் பிரிண்டெஃபின் முதல் ஆர்குமென்டாகத் தராதீர்கள், அதில் சதவீதக் குறி இருந்தால் வம்பு.

ஒரே ஊர், இரண்டு பைட் வரிசை

இரண்டு ஸ்டிரிங்குக்கு நடுவில் == போட்டால் நினைவக முகவரிகள்தான் ஒப்பிடப்படும் என்பது தெரிந்ததே. பைட்டுகளை ஒப்பிடும் ஸ்டர்கம்ப் போட்டும் ‘போளூர்’ பொருந்தாமல் போகலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒன்று 18 பைட், மற்றது 21. ஒகாரக் குறி, ஔகாரக் குறி, தனி ‘ஔ’ எழுத்து ஆகியவற்றுக்கும் இதே கதை. தேடல், ஒப்பீடு எதற்கும் முன்னால், உள்ளீடு நுழையும் இடத்திலேயே எல்லாவற்றையும் ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். யூனிகோடுக்கான ஐசியு நூலகத்தில் இதற்கான என்எஃப்சி வசதி இருக்கிறது. சிறு போர்டில் அதை ஏற்ற இடமில்லை என்றால், இந்த நான்கு ஜோடிகளை மட்டும் மாற்றும் ஃபங்ஷனை நீங்களே எழுதிவிடலாம்.